ரிக்கற்றின் பின்பக்கம்

ஒட்டுசுட்டான் தாண்டினால் காடு.
பஸ்ஸை நிற்பாட்டச் சொல்லிவிட்டு
கொண்டக்டரே இறங்கி ஓடுவதை
அந்த மாதம் மூன்று தரம் சனம் பார்த்தது.
"ஆனை நிக்கும் தம்பி, தூரப் போகாதையும்"
என்றார் பின்சீற்றில் ஒருவர்.
எனக்கு அந்த நேரம் ஆனை
பெரிதாகத் தெரியவில்லை.

வவுனியாவில் தொண்டைக்குள்ளால் கமரா விட்டுப் பார்த்து
டொக்டர் சொன்னவர்:
குடலுக்குள் புல்லுப்போல நிற்கவேண்டியது
மொட்டையாய்க் கிடக்கிறது. கோதுமைதான்.
பாண், பணிஸ், ரோல்ஸ், கொத்து
இனிச் சாகும்வரை இல்லை.
சிரித்துவிட்டேன்.
முகாமில் அந்த மாவைத்தானே
அவித்தும் சுட்டும் கரைத்தும்
உயிரைப் பிடித்து வைத்திருந்தோம்.
அதுக்கும் சேர்த்து இப்ப கணக்குக் கேக்குதாக்கும்.

விட்டேன். எல்லாவற்றையும்.
மாங்குளத்துத் தேத்தண்ணிக் கடையில்
டிரைவர் ரோல்ஸ் கடிக்க
நான் அவித்த கடலையோடு நின்றேன்.
ஆறு கிழமை.
பிறகும் பொருமியது, பிசைந்தது, ஓட வைத்தது.

மெசின் துப்பும் ரிக்கற்றின் பின்பக்கத்தில்
எழுதத் தொடங்கினேன்.
செவ்வாய். சோறு, பருப்பு, ரசம். இரவு இரண்டு தரம்.
வியாழன். மோல்ற் போட்ட பால். அதுவும் பார்லியாம்,
நிப்பாட்டியாச்சு. ரசம் குடித்துப் படுத்தேன். விடிய மூன்று.
ஞாயிறு. பிட்டு, மீன். பொருமல். திரும்ப ரசம். நாலு.

பிட்டைப் பிடித்தேன்.
பஞ்சாட்சரம் அண்ணையின் மில்லில்
எங்கள் அரிசிக்கு முன்னால்
யாரோ சத்துமாவுக்குக் கோதுமை திரித்ததைக்
கண்ணால் கண்டேன்.
சத்தம் போட்டேன். சனம் கூடியது.
மா படிந்த புருவத்தைத் துடைத்துக்கொண்டு
"பத்து வருசமா என்ர மில்லால
ஒருத்தருக்கும் வயித்தால போகேல்லை" என்றார்.
அன்றோடு எங்கள் பஸ்ஸில் ஏறுவதை விட்டார்.

சுகிர்தமலர் உரலில் இடித்தாள்.
உள்ளங்கை கொப்பளித்தது.
என் வயிறு மாறவில்லை.

பிறகு அவள் விசுவமடுவுக்குப் போனாள்,
தங்கச்சி மகளின் சாமத்திய வீட்டுக்கு.
நாலு நாள்.
நானே சோறு வடித்தேன், சம்பல் இடித்தேன்,
கருவாடு சுட்டேன்.
நாலு இரவும் கட்டைபோல நித்திரை.
ஐந்தாம் நாள் வந்தவள் முகத்தைப் பார்த்தாள்.
"காஞ்சு போனியள்" என்று ரசம் வைத்தாள்.
விடியுமுன் கிணற்றடியில் குந்தியிருந்தபடி
நினைக்கக்கூடாத ஒன்றை நினைத்தேன்.
அதை எந்த ரிக்கற்றிலும் எழுதவில்லை.

இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தால்
பாயில் என் ரிக்கற்றுகள் பரப்பிக் கிடக்கின்றன,
காத்துக்குப் பறக்காமல்
ஒவ்வொன்றிலும் ஒரு புளியங்கொட்டை.
"எல்லாத்திலயும் ரசம் இருக்கு" என்றாள்.
"நோகுது எண்டு நான் வைச்சுத் தந்த ரசம்."
மிளகு, சீரகம், உள்ளி, புளி
ஒவ்வொன்றாய் எடுத்து முன்னால் வைத்தாள்.
கடைசியாய்ப் பெருங்காய டப்பி.
எறும்புக் கால் எழுத்து.
போனில் படம் பிடித்து
விரித்தோம், இன்னும் விரித்தோம்:
பிசின். கோதுமை மா.

இருவரும் கொஞ்சம் சிரித்தோம்.
அவள் முதலில் நிறுத்தினாள்.
"நான் இல்லாத நாலு நாளும் ஏன் வெறுமையாக் கிடக்கு?"
"சுகமா இருந்தது. அதான்."
"சுகமா இருந்தது எண்டு எழுதியிருந்தா
நான் வந்தண்டே பிடிச்சிருப்பன்."
டப்பியை மூடினாள்.
மூடினதைத் திரும்பவும் அழுத்தி மூடினாள்.

காலையில் பஸ் மில்லடியால் போனது.
அண்ணை வாசலில் நின்றார், வெள்ளையாய்.
நிற்பாட்ட ஒரு மணி.
கை இரண்டு அடித்துவிட்டது.