தும்மலுக்குள் இருந்த சொல்

லியபாயாவில் டிராமுக்கு ஒரே தடம்தான்.
அதில் ஓட்டுநர் நான்.
இன்றைய மாலை முறையை வால்டிஸ் தலையில் கட்டிவிட்டு
(பதிலுக்கு அவனுடைய இரண்டு ஞாயிறுகள் என் தலையில்)
துறைமுகத்துப் பழைய தானியக் கிடங்கில்
நனைந்த மேல்கோட்டுகளுக்கு நடுவே நிற்கிறேன்.

முப்பத்து நாலு வருடம் கழித்து
ஈரக் கையுறைகள் மீண்டும் ஒரே மேடையில்.
டிரம்ஸ்காரர் கண்ணாடி போட்டிருக்கிறார்.
ஸெல்மா ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கி உட்கார்ந்துகொண்டாள்,
முழங்காலைக் காட்டிச் சிரித்தபடி.

அந்தப் பாட்டு இசைத்தட்டாக வந்ததே இல்லை.
வானொலியில் ஒரு தடவை வந்தது.
எனக்கு ஒன்பது வயது.
சமையலறை மேசையில், வானொலியின் வாயோடு
டேப் ரெக்கார்டரின் காதை ஒட்டவைத்து
மூச்சைப் பிடித்துக்கொண்டு பதிவு செய்தேன்.
மூன்றாம் சரணத்தில்
தம்பி ஒயார்ஸ் தும்மினான்.

'துறையில் எனக்காகக் காத்திருக்க யாருமில்லை,
இருப்பதெல்லாம் ஒரே ஒரு'
அச்சூ.

அடித்தேன். அவன் அழுததும் அதே நாடாவில் இருக்கிறது,
கடைசிக் கிதாருக்கு அடியில், மெலிதாக.

ஓட்டைப் பல்லில் நாக்கு போவதுபோல்
அந்த இடத்துக்கே போய்க்கொண்டிருந்தேன்.
கொஞ்ச காலம் அங்கே 'விளக்கு' என்று பாடினேன்.
பதினேழு வயதில் ஒரு பெயர் அங்கே கச்சிதமாகப் பொருந்தியது;
அதை இங்கே எழுத மாட்டேன்.
விவாகரத்தான குளிர்காலத்தில் எதையும் வைக்கவில்லை.
காலி டிராமைப் பணிமனைக்குத் திருப்பும்போது
உரக்கப் பாடுவேன்,
தும்மலையும் சேர்த்து. அழுகை வரும்.
கண்ணாடியைத் துடைப்பேன்,
மழை இல்லாத நாட்களிலும்.

இதோ, அந்த முதல் நான்கு கிதார் அடிகள்.
சுருதியைக் கொஞ்சம் இறக்கியிருக்கிறார்கள்.
பரவாயில்லை, என் குரலும் இறங்கித்தான் கிடக்கிறது.
போனை எடுத்தேன்.
அயர்லாந்தில் காளான் பண்ணை, இரவு வேலை,
எடுக்க மாட்டான் என்று நினைத்தேன். எடுத்தான்.
'பேசாதே, கேள்' என்று சொல்லி
கையைத் தலைக்கு மேல் தூக்கினேன்.

மூன்றாம் சரணம்.
என் மூக்கு தயாராகிவிட்டது, அது பழக்கம்.
ஸெல்மா மைக்கிலிருந்து முகத்தைச் சற்று விலக்கி
கூட்டத்தைப் பார்த்தாள்.

'இருப்பதெல்லாம் ஒரே ஒரு
கடன்காரன்.'

கிடங்கே சிரித்தது.
டிரம்ஸ்காரர் அதற்கென்றே ஒரு டப்-டிஷ் வைத்திருந்தார்.
அந்தக் காலத்து நடன அரங்குகளில் ஆடியவர்கள் இவர்கள்,
இந்தச் சொல்லுக்காகவே இரண்டு சரணம் பொறுத்திருந்தவர்கள்.
பக்கத்தில் நின்ற, புகையிட்ட மீன் வாசம் அடித்த மனிதர்
தன் தொடையில் அடிப்பதாக நினைத்து
என் தொடையில் அடித்தார்.

கடன்காரனா.
இத்தனை குளிர்காலமும் நான் விட்ட கண்ணீர்
ஒரு கடன்காரன் கணக்கிலா வரவானது?

சிரித்தேன். எல்லோரும் முடித்த பிறகு, தனியாக.
நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

வெளியே, பாரந்தூக்கிகளுக்குக் கீழே, போனைக் காதில் வைத்தேன்.
'தும்மலை எடுத்துவிட்டார்களே' என்றான் ஒயார்ஸ்.
'உனக்கு அந்தச் சொல் தெரியுமா?'
'தெரியுமே. தும்மியது மூக்கு,
காது சும்மாதானே இருந்தது?
நீ அடித்தாய். கேட்கவில்லை.'
பின்னால் தட்டுகள் நகரும் சத்தம்.
மேற்பார்வையாளர் வருகிறார் என்று வைத்துவிட்டான்.

காலை ஐந்து பத்துக்கு முதல் வண்டி.
தண்டவாளத்தில் பனி; மணல் தூவி ஏறினேன்.
வாய் தானாகத் தொடங்கியது.
மூன்றாம் சரணம் பாலத்தின் நடுவில் வந்தது.
புதுச் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன்,
புதுச் செருப்புபோல் கடித்தது.
பழைய அழுகை அதற்குள்ளும் நுழைந்துகொண்டது,
கொஞ்சம் வெட்கத்தோடு.

அடுத்த நிறுத்தத்தில், இருட்டில், ஒருவர்.
பையை இரு கையாலும் பிடித்துக்கொண்டு
வண்டி வரும் திசையையே பார்த்தபடி.
கடன்காரரோ என்னவோ,
நேரத்துக்கு வந்து நின்றிருக்கிறார்.
கதவைத் திறந்தேன்.