ஐந்து பத்துக்கு ஒன்றுமில்லை

தெகிவளை அனெக்ஸில் அதற்கு மண் இருந்தது.
ஜம்பு மரத்துக்கும் தண்ணீர் மீற்றருக்கும் நடுவில்
தனக்கென்று ஒரு கச்சேரி நடத்தியது கட்சான்.
விடிய எழும்பிப் போகும்,
முத்திரை குத்தும், வரும்.

இப்போது வெள்ளவத்தை. ஆறாம் மாடி.
பார்த்த பக்கமெல்லாம் வெள்ளை ரைல்ஸ்.
துடைத்து ஈரம் காயாத தரையில்
செருப்போடு வந்துவிட்ட விருந்தாளி மாதிரி
ஒவ்வொரு காலாய் யோசித்து வைக்கிறது.

முதல் நாள் சோபாவின் காலில்.
இரண்டாம் நாள் இன்னும் பிரிக்காத பெட்டியில்.
'கண்ணாடிச் சாமான், கவனம்' என்று
சுகிர்தா எழுதியிருந்ததில்
கவனம் மட்டும் கரைந்து போனது.
மூன்றாம் நாள் லிஃப்ற்றுக்குள்,
நாலாம் மாடி டொக்டரின் சப்பாத்துக்கு
ஒரு சாண் தள்ளி.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாள் அறிவித்தல் பலகையில்
மூன்று மொழியிலும் சொல்லியிருந்தார்.

சுகிர்தா வங்கியில் கணக்காய்வு செய்பவள்.
பிரிட்ஜ் கதவில் அட்டவணை ஒட்டினாள்.
ஐந்து பத்து: ஒன்றுமில்லை.
ஐந்து நாற்பது: ஒன்றுமில்லை.
ஐந்து நாற்பத்தொன்று, வீட்டுக்குள் வந்ததும்: ஆம்.

வினாகிரி ஊற்றினோம். டெற்றோல். மஞ்சள் தண்ணீர்.
பால்கனியில் பழைய பேப்பர் விரித்தோம்,
அதில் படுத்து நன்றாக நித்திரை கொண்டது.
"ஏசாதேங்கோ, மெச்சுங்கோ" என்றான்
அவளுடைய தமையன், லண்டனிலிருந்து.
"மெச்சுறதுக்கு அது ஏதாவது செய்யோணுமே."
மெச்சுவதற்கென்றே என் களிசான் பையில்
எட்டு நாளாய் ஒரு கருவாட்டுத் துண்டு.
நூறாம் நம்பர் பஸ்ஸில் பக்கத்திலிருந்தவர்
எழும்பி நின்றுகொண்டார்.

வாசல் காவலுக்கு நிற்கும் சோமசிறிதான்
சிங்களத்தில் சுருக்கமாய்ச் சொன்னது:
"மண் வேணும் மாத்தயா. அதுக்கு மண் வேணும்."
மண்ணுக்கு எங்கே போவேன்?
காலி வீதியிலிருந்து கடல்வரைக்கும் கொங்கிறீற்.

ஒன்பதாம் இரவு மழை. கரண்ட் இல்லை.
நாலரைக்கு ஏதோ சுரண்டும் சத்தம்.
இருவரும் எழும்பி உட்கார்ந்தோம்.
சோபா இல்லை. பெட்டி இல்லை.
கதவு!
லிஃப்ற் செத்துக் கிடந்தது.
பதினெட்டுக் கிலோவைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்,
என் நெஞ்சோடு அதன் வயிறு,
கட்டிய தண்ணீர்ப் பைபோல் விறைத்து.
"பொறு ராசா, பொறு ராசா"
முன்னால் டோர்ச்சோடு சுகிர்தா.
மூன்றாம் மாடியில் எனக்குக் கால் நடுங்கியது.
அது அசையவில்லை.

மரைன் டிரைவைக் கடந்தால்
தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம்
இரண்டு பாய் அகலத்தில் புல்லும் உப்புமண்ணும்.
ஒன்பது நாளாய்
நாங்கள் அதைப் பார்க்கவேயில்லை.

மணந்தது. சுற்றியது. மறுபடி மணந்தது.
மொறட்டுவப் பக்கமிருந்து
முதல் ரயிலின் வெளிச்சம்.
போச்சு, பயப்படப்போகுது என்று நினைத்தோம்.
கட்சான் திரும்பியும் பார்க்காமல்
காலைத் தூக்கியது.
எட்டுப் பெட்டியும் போய் முடிந்தது.
அது இன்னும் முடிக்கவில்லை.

கைதட்டினோம், நடுமழைக்குள், இரவு உடுப்போடு.
வாசலில் சோமசிறி
குடையையும் டோர்ச்சையும்
மரியாதையாய் மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார்.
கருவாடு மேலே, களிசான் பையில்.

ஈரக் கையால் சுகிர்தா எழுதினாள்:
நாலு நாற்பத்தாறு, ரயில் பாதையடி.
கீழே இரண்டு கோடு,
கணக்குச் சரிவந்தால் போடுவாளே, அது.

பத்தாம் நாள் மறுபடி சோபா.
பதினோராம் நாள் கதவு.

நேற்றிரவு நான் ஒண்டுக்குப் போக எழும்பி
அனெக்ஸில் திரும்புகிறமாதிரி இடப்பக்கம் திரும்பி
இல்லாத சுவரில் சுவிச்சைத் தடவி
அலுமாரியில் நெற்றி முட்டினேன்.
கட்சான் தலையைத் தூக்கிப் பார்த்தது.
பிறகு, எங்கும் எழுதிவைக்காமல்,
படுத்துவிட்டது.