நான்கு அடி இரண்டு அங்குலம்

பஃபலோவில் ஏப்ரல் மாதத்திலும்
பேருந்துக் கண்ணாடியின் பனியைச்
சுரண்டிக்கொண்டிருந்தேன்.
இருபத்தெட்டுப் பிள்ளைகள்
மூக்கை உறிஞ்சியபடி ஏறும் காலைகள்,
முப்பத்தொரு வருடம்.
போதும் என்று நான் சொல்லவில்லை.
என் இடது முட்டி சொன்னது.

செஸ்டர் சமையல் மேசையில்
புளோரிடாவை விரித்தான்.
சுருண்டுகொள்ளாமலிருக்க
ஒரு முனையில் உப்புக்குப்பி,
ஒரு முனையில் என் ரத்த அழுத்த மாத்திரை.
கடலோரம் முழுக்கச் சிவப்பு வட்டங்கள்.
மறுநாள் மாப்பிள்ளை முறுக்கோடு
வண்டியை எடுத்தான்.

பென்சகோலாவில் மணல் வெள்ளை.
சர்க்கரை, சர்க்கரை என்று
செருப்பைக் கழற்றி நடந்தான்.
எனக்கு அது பனியாகவே தெரிந்தது,
கை தானாக மண்வாரியைத் தேடியது.

ஒக்காலாவில் குதிரைகள் அழகு.
கடல் எங்கே என்றேன்.
ஒன்றரை மணி நேரம் என்றார் தரகர்,
எந்தப் பக்கம் போனாலும்.

சரசோட்டாவில் விலை கேட்டோம்.
காரில் ஏறினோம்.

புன்டா கோர்டாவில் எல்லோரும் எங்கள் வயது.
எல்லோர் கையிலும் ஒரே மாதிரித் தொப்பி,
எல்லோர் வாயிலும் இடுப்பு அறுவை சிகிச்சை.
பழக்கடையில் ஒருவர்
மாம்பழத்தை முகர்ந்து பார்த்து
என்னைப் பார்த்துச் சிரித்தார்.
செஸ்டருக்குப் பிடித்துவிட்டது.
மூன்று நாளில் ஒரு பள்ளிப் பேருந்தைக்கூட
நான் பார்க்கவில்லை.
விடுதியில் இரவு முழுக்கத் தூக்கமில்லை.
ஏசியின் சத்தம் என்று சொல்லிவைத்தேன்.

பிறகு ஃபோர்ட் பியர்ஸ்.
கால்வாயோரத் தெரு,
வாசல் விளக்கில் பல்லி,
ஓபல் ஃபெயர்க்ளோத் வீடு.
தரகர் கூரையைக் காட்டினார், புதிது.
ஜன்னலைக் காட்டினார், புயல் தாங்கும்.
காப்பீட்டுத் தொகையைக் கேட்டபோது மட்டும்
அவருக்கு ஒரு போன் வந்தது.

ஓபல் ஒன்றும் பேசாமல்
என்னைச் சமையலறைக் கதவுக்குக் கூட்டிப்போனாள்.
கதவுச் சட்டத்தில் பென்சில் கோடுகள்.
டேரா, ஒன்றாம் வகுப்பு.
அதற்குக் கீழே, அலையலையாய்
நெளித்துப் போட்ட ஒரு கோடு: தண்ணீர்.
டேரா, பல் விழுந்த வருடம்.
டேரா, அம்மை போட்டிருந்தபோது.
அதற்கும் மேலே மறுபடி நெளிகோடு:
தண்ணீர், நான்கு அடி இரண்டு அங்குலம்.
தண்ணீர் பிள்ளையைவிட
வேகமாக வளர்ந்திருந்தது.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
இங்கே ஆழத்தை
எழுதியே வைத்திருந்தார்கள்.

வெள்ளையடிக்கச் சொன்னார்கள், அடிக்கவில்லை
என்றாள் ஓபல்.
எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன்.
டலூத், மகளிடம். அங்கே பனி எப்படி?

அடுத்த அரை மணி நேரம்
நாங்கள் வீட்டைப் பற்றிப் பேசவே இல்லை.
பூட்ஸ் ஒரு அளவு பெரிதாக வாங்கச் சொன்னேன்,
இரண்டு காலுறை போடலாம்.
கார் கதவின் பூட்டு உறைந்தால்
வெந்நீர் ஊற்றாதே என்றேன்.
பத்திரங்களை மேல் தட்டில் வை என்றாள்.
போகச் சொன்னால் போய்விடு,
பூனையைத் தேடிக்கொண்டு நிற்காதே.
அதைச் சொல்லும்போது மட்டும்
குழாயைத் திறந்து
கழுவிய கோப்பையைத் திரும்பக் கழுவினாள்.

வெளியே மஞ்சள் பேருந்து ஒன்று
தெருமுனையில் திரும்பியது.
ஓட்டுகிறவளின் வெறுங்கை
ஜன்னலுக்கு வெளியே தொங்கியது.
ஜனவரி மாதம். வெறுங்கை.
நான் இரண்டு விரலைத் தூக்கினேன்,
வண்டிக்காரர்கள் தூக்குவதுபோல்.
அவளும் தூக்கினாள்.

செஸ்டர் என்னைச் சட்டத்தோடு நிற்கவைத்தான்.
அந்த நெளிகோடு
என் சட்டையின் மூன்றாவது பொத்தானில் நின்றது.
நெஞ்சுக்குத்தான் வருகிறது என்றான்,
நல்ல செய்தி சொல்பவனைப்போல.

நேராக நில், குதிகாலைத் தூக்காதே என்றாள் ஓபல்,
பென்சிலை எங்கே வைத்தேன் என்று
இழுப்பறையைத் துழாவியபடி.