ஒரு கதிருக்கு எத்தனை வண்டு

பீடோருக்குத் தெற்கே, குலை லோரிகள் திரும்பும் முனையில்
எங்கள் பல்கலைக்கழகம்.
முன்பு நாற்காலி சோபா விற்ற மூன்று மாடி.
உயிரியல் துறைக்கு மேல்மாடி கிடைத்தது,
லிஃப்ட் கிடைக்கவில்லை.
துறை என்றால் நானும் ஹஸ்னுலும்.
இந்தப் பருவத்தில் மாணவர் நால்வர்;
ஒருவன் மருந்தியலுக்கு மாறக் கடிதம் கொடுத்துவிட்டான்,
சம்மதம் என்று கையெழுத்துப் போட்டது நான்தான்.

ஹஸ்னுலுக்குக் காளான்.
செம்பனையின் அடித்தண்டை உள்ளிருந்தே தின்னும் காளான்.
மைலோ டின்களில் வளர்க்கிறார்.
மரம் சாய்ந்த பிறகுதான் மானேஜருக்கு
நம் போன் நம்பர் ஞாபகம் வரும் என்பார்
மலாயில், சிரிக்காமல்.

எனக்கு வண்டு.
அரிசியில் பாதி நீளம்.
எண்பத்தொன்றில் கேமரூனிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள்.
ஆண்பூ சோம்பு மணக்கும். அதற்கு வரும்,
தின்னும், முட்டையிடும், உடம்பெல்லாம் மகரந்தம் அப்பிக்கொள்ளும்.
பெண்பூவும் கொஞ்சம் அதே மணம் காட்டும்.
நம்பிப் போய் ஏமாறும்.
அந்த ஏமாற்றத்தில்தான் குலை பிடிக்கிறது,
கடைத்தெரு நடக்கிறது,
ஹஸ்னுல் சாரின் கார்க் கடன் கழிகிறது
என்று வகுப்பில் சொல்வேன்.
மூவர் எழுதிக்கொள்வார்கள்.

இப்போது வண்டு குறைகிறது.
அல்லது குறைவதாக நான் நினைக்கிறேன்.
ஆறு மரம் போதுமா என்று கேட்கிறார்
பெயர் தெரியாத மதிப்பாய்வாளர்.
போதாது, ஐயா.
ஆனால் என் மைவி
தீம்பாருக்குள் ஆறாவது மரம் வரைதான் போகும்.
அதற்கப்பால் சேறு.

வியாழன் மதியம்.
வெள்ளைத் தட்டில் செத்த வண்டுகள்,
ஊசி முனையால் ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் தள்ளுகிறேன்.
நாற்பது. நாற்பத்தொன்று.
கூட்டிக்கொண்டே வந்த தெய்வானை
துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குனிந்தார்.

"இது அந்தப் பூச்சி இல்ல?"

எந்தப் பூச்சி என்றேன்.

"இது வர்றதுக்கு முன்ன நாங்கதான் டாக்டர்.
பதினோரு பொம்பளைங்க.
பூமாவையும் மொகத்துக்குப் போடுற பவுடரையும் கலந்து
குப்பியில அடைச்சு,
முள்ளுக்குள்ள கைய விட்டு
ஒவ்வொரு பெண்பூவுக்கா ஊதிக்கிட்டே போவோம்.
நாளைக்கு ஏழு வெள்ளி.
ஒருநா பெரட்டுல கிராணி சொன்னாரு,
நாளையிலருந்து பூச்சி பாத்துக்கும்."

அந்த முகத்தில் கோபத்தைத் தேடினேன்.
கண்ணைச் சுருக்கி இன்னும் குனிந்தார்.
"இம்புட்டுப் பொடிசா!"

என் கட்டுரையின் இரண்டாம் பத்தியில் இருக்கிறது:
வண்டு அறிமுகமாகும் முன்
மகரந்தச் சேர்க்கை கையால் செய்யப்பட்டது.
பதினைந்து வருடமாக, ஒவ்வொரு கட்டுரையிலும்,
அதே வாக்கியத்தை வெட்டி ஒட்டுகிறேன்.
செய்யப்பட்டது.
மரம் எத்தனை என்று கேட்டவர்கள்
யார் கை என்று கேட்டதில்லை.
கேட்டிருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது,
நான்கு வருடமாக என் மேசையைத் துடைத்த கை.

"கொறஞ்சு போச்சா?"
"அப்படித்தான் தெரியுது."
"அப்ப மறுபடி ஆள் கூப்புடுவாங்க," சிரித்தார்,
"என்னைய இல்ல, பங்ளாப் பையனுங்கள.
அவனுங்களுக்கு மரம் ஏறத் தெரியும், ஊதத் தெரியாது.
ஊதுறதுல ஒண்ணு இருக்கு டாக்டர்..."
பிப்பெட்டின் ரப்பர் குமிழைக் கையில் எடுத்தார்.
"முழுசா அமுக்கக் கூடாது. பாதி. இந்தா, இப்படி."

தட்டு காலி.

வண்டுகள் மேசையில், என் மடியில்,
ஹஸ்னுலின் மைலோ டின்னில்,
அப்போதுதான் அவர் கூட்டி முடித்த தரையில்.

ஐயையோ என்று துடைப்பத்துக்குக் கை நீட்டினார்.
வேண்டாம் என்று நான் மண்டியிட்டேன்.
முட்டிவலியோடு அவரும்.

ஒன்று, என்றேன்.

அலமாரிக்கு அடியிலிருந்து
"ரெண்டு."