வெற்று மாதங்கள்

களுவாஞ்சிகுடி சங்க மண்டபத்தில்
மூன்றாவது கூட்டம்.
முதியோருக்குப் பன்னிரண்டு அறை, பொதுக் குசினி,
சக்கர நாற்காலி திரும்ப மூன்றரை அடிக் கதவு.
சாமித்தம்பியர் எழுதித் தந்த காணி உவர்நிலம்;
அத்திவாரமே நாலு லட்சம் கூடக் கேட்டது.

"பதினைந்து வருசக் கடன். ஆர் கட்டுறது?"
வங்கிக்காரர் கேட்டார்.
வாடகை ஏழாயிரம் என்றேன்.
பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கிக் காட்டினேன்.

பின்வரிசையில் கமலநாயகி,
சங்கக்கடைக் கணக்கில் முப்பது வருசம் இருந்தவ,
கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னா:
"பிழை மனே.
எல்லா அறையும் எல்லா மாசமும் நிறைஞ்சா இரிக்கும்?
ஒராள் செத்தா
முப்பத்தொண்டு கழியாம அந்த அறைக்கு
ஆருகா வருவா?
பிறகு வெள்ளையடிக்கவும் வேணும்.
வருசத்துக்கு ரெண்டு சாவு போடு."

மின்விசிறி மட்டும் சுற்றியது.
வங்கிக்காரர் பேனாவை மூடினார், திறந்தார்.
தாளில் ஒரு வரி சேர்த்தேன்:
வெற்று மாதம், நாலு.
ஏழாயிரம் ஏழாயிரத்து இருநூறு ஆனது.

கூட்டம் கலைந்தும் அவ போகவில்லை.
வரைபடத்தில், வாவிப் பக்கம்,
ஏழாம் அறையில் விரல் வைத்து
"காத்து வருமா?" என்றா.
வரும்.
சேலைத் தலைப்பை அவிழ்த்து
இருநூறு ரூபாயை மேசையில் வைத்தா.
ரசீதுக்கு நின்றா.