பதினோரு விநாடி

என் வேலை மருமகளை மூன்று முறை திரும்ப வைப்பது.
அவள் ஒரு முறைதான் திரும்பியிருப்பாள், பாவம்,
சாலிகிராமத்து வாடகை பங்களாவில்
பட்டுப்புடவையோடு வியர்த்துக்கொண்டு.
நான்தான் வெட்டி, ஒட்டி, கிட்டே இழுத்து
மூன்றாக்குவேன்.
கூடவே ஒரு இடி.
என் கம்ப்யூட்டரில் அதற்கு 'இடி புதுசு 2' என்று பெயர்.
எட்டு வருஷமாக அதே புதுசு.

அந்த இடிக்குப் பிறகு
மாமியார் சும்மா ஒரு டம்ளரை வைத்தாலும்
பார்க்கிறவர்களுக்கு அதில் விஷம் தெரியும்.

வீட்டில் அம்மா
"சாம்பார்ல உப்பு ஒரு கல்லு தூக்கல்" என்றால்
பவானியின் முகத்தை நான் பார்ப்பதில்லை.
பார்த்தால் மூன்று முறை தெரிகிறது.

யாழி, இரண்டாம் வகுப்பு,
ரப்பர் தராத தோழியைப் பற்றிச் சொல்லும்போது
விசுக் விசுக் விசுக்கென்று கழுத்தைத் திருப்புகிறாள்.
சிரித்தோம்.
வீடியோ எடுத்து அவள் சித்திக்கு அனுப்பினோம்.

போன ஐப்பசியில், மழை விடாத ஒரு வாரம்,
குடியிருப்பு வாட்ஸப் குழுவில் ஒன்று வந்தது.
கேட் கேமரா. பதினோரு விநாடி.
எஸ்தர், எங்கள் வீட்டில் ஆறு வருஷமாக வேலை செய்பவள்,
பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள்,
மேலே பார்க்கிறாள்.
ஒரு கட்டைப்பையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்கிறாள்.
போகிறாள்.
முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.
கீழே, வெள்ளிக் கிண்ணம் தொலைத்த
மூன்றாவது மாடி வரதராஜுலுவின் கேள்விக்குறிகள்.
யாரோ மெனக்கெட்டு வயலின் வேறு சேர்த்திருந்தார்கள்.

"பார்வையே சரியில்ல, அப்பவே நினைச்சேன்"
என்றாள் அம்மா.
எப்பவே என்று யாரும் கேட்கவில்லை.
"வேற ஆள் பாத்துக்கலாம்" என்றாள் பவானி.
நான் வெட்டுக்காரன்.
ஏழாவது விநாடியில் படம் ஒரு துள்ளு துள்ளியது.
நடுவில் எதையோ விழுங்கியிருக்கிறார்கள்.
கண்ணில் படாமல் இருக்குமா, சோறு போடுகிற தொழில்.
பட்டது.
"நமக்கெதுக்கு வம்பு" என்றேன்.
விளம்பரம் முடிவதற்குள் தீர்ப்பு முடிந்துவிட்டது.
குக்கர்தான் நான்காவது விசிலுக்கு இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை, தூக்கம் வராமல்
ஜெனரேட்டர் அறைக்குப் போனேன்.
வாட்ச்மேன் அந்தோணிராஜ் முழுசையும் ஓட்டிக் காட்டினார்.
நான்கு நிமிஷம்.
தபால் பெட்டிகளுக்குக் கீழே ஒதுங்கி நிற்கிறாள் எஸ்தர்.
குடை பிடித்து ஒரு பெண் ஓடி வருகிறாள்.
கட்டைப்பையை அவள் கையில் திணிக்கிறாள்.
ஓடிப்போகிறாள்.
எஸ்தர் நிமிர்ந்து எங்கள் பால்கனியைப் பார்த்து
கையாட்டுகிறாள். யாழிக்கு.
அந்தக் கையைத்தான் விழுங்கியிருந்தார்கள்.
பிறகு நனையாமல் பையை மூடிக்கொண்டு போகிறாள்.
பிறகு வெறும் மழை.
அதை ஏனோ கடைசிவரை பார்த்தேன்.

போனில் பதிந்து வந்து காட்டினேன்.
பையில் யாழிக்குச் சின்னதாகிப்போன யூனிஃபார்ம்.
பவானி குடையைப் பார்த்தாள்,
குடைக்குள் இருந்த நைட்டியைப் பார்த்தாள்.
"இது நானா?" என்றாள்.
கொடுத்த கை அவளுடையது.
வட்டம் போட்டுக் காட்டியதும்
அவளும் நம்பிவிட்டாள்.

நான்கு நிமிஷத்தையும் குழுவில் போட்டேன்.
இரண்டு கட்டைவிரல்கள் வந்தன.
வரதராஜுலு எழுதினார்:
"ரொம்ப நீளமா இருக்கு சார்.
நீங்க எடிட்டர்தானே, சுருக்கி அனுப்புங்க."
கிண்ணம் இன்னும் கிடைக்கவில்லை. அது வேறு கதை.

எஸ்தர் மேடவாக்கத்தில் வேறு வீடு பார்த்துக்கொண்டாளாம்.
மன்னிப்புக் கேட்கும் வாக்கியத்தை
நாலைந்து விதமாக வெட்டி ஒட்டிவிட்டு
ராத்திரி ஏழரைக்கு போன் செய்தேன்.
எடுத்தாள்.
அவளுக்குப் பின்னால் என் இடி விழுந்தது.

"ஒரு நிமிஷம் சார்" என்றாள்,
கோபமே இல்லாத குரலில்,
"விளம்பரம் போட்டதும் பேசறேன்.
அந்தப் பொண்ணு ஒண்ணும் செய்யல சார்.
வீணா பழி போடறாங்க."