பதினான்காவது வரி

கிளைப்பேடா துறைமுகத்தில் இரவு பதினொன்று.
ஜன்னலுக்கு வெளியே பனி, கிரேன்கள்.
எங்கள் மூவருக்கும் ஒரே தாள்.

வில்னியஸிலிருந்து கெஸ்துதிஸ்: பச்சை.
காய்ச்சலோடு படுக்கையிலிருந்து ஜோலாண்டா: ஆரஞ்சு.
நான் ஊதா. நிறத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

'மிகுந்த வருத்தத்துடன்' என்று
நான் தட்டி முடிக்குமுன்
பச்சை வந்து மேய்ந்துவிட்டுப் போகிறது.
ஓரத்தில் குறிப்பு: 'சட்டப்படி தேவையில்லை.'

2009-லும் இதே யார்டு, இதே வேலைதான்.
அப்போது ஃபைல்கள் மெயிலில் போய்வரும்:
கடைசி, கடைசி-2,
கடைசியிலும் கடைசி.
போனதற்கும் வந்ததற்கும் நடுவில் ஓர் இரவு கிடக்கும்.
யாராவது தூங்கி எழுந்து மனம் மாறலாம்.
கொதிகலன் பிரிவு போனிஃபாசஸ்
அப்படி ஓர் இரவில்தான் தப்பினார்;
அவருக்கே அது தெரியாது.

இப்போது இரவு இல்லை.
நான் யோசிப்பதையே இருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பதினான்காவது வரி:
ரிமாண்டஸ் ஷிம்குஸ், வெல்டர், சேர்ந்த ஆண்டு 1998.
10:41-க்கு எழுதினேன்.
10:42-க்கு அழித்தேன்.
10:44-க்கு மறுபடி எழுதினேன்.
கிழித்துப் போட இங்கே குப்பைக்கூடை கிடையாது,
என் கை நடுங்கியதுகூட நிமிடக் கணக்கோடு பத்திரமாய் இருக்கிறது.

மூலையில் நான்காவதாக ஒரு வட்டம் முளைத்தது.
'பெயரிலி நீர்நாய்.'
ஷிஃப்ட் அட்டவணை இருக்கும் அதே ஃபோல்டர்.
கதவை யாரும் சாத்தவில்லை,
நான்தான் சாத்தியிருக்க வேண்டும்.

சாம்பல் நிறக் கர்சர் இறங்கி வந்தது
பனித்தெருவில் வீட்டு எண் பார்த்து நடப்பவனைப்போல்,
ஒவ்வொரு பெயராக.
பதினான்கில் நின்றது.

பச்சை அசையவில்லை. ஆரஞ்சும்.
நான்கு கோடுகள் சும்மா கண் சிமிட்டின.

பிறகு அது
எட்டை அழித்து ஆறு போட்டது.
1996.
ஐந்து வரி மேலே போய்
ஆல்டோனாவின் குடும்பப்பெயரில்
நான் விட்டிருந்த எழுத்தின் தலைக்கொக்கியை மாட்டியது.
போய்விட்டது.

'யார் அது?' என்றது பச்சை.
எழுந்துபோய் அலமாரியில் பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன்.
ஆறுதான். இரண்டு வருடத்துக்கான பணம்.

திரும்பி வருவதற்குள் எட்டாகியிருந்தது.
ஆறாக்கினேன்.
எட்டு.
ஆறு.
எட்டு.
பதினொரு வருடத்தில் அவரோடு
இவ்வளவு நேரம் நான் பேசியதே இல்லை.
ஆறு.
எட்டு.

அப்போது ஆரஞ்சு எழுந்து வந்தது:
199666.

காய்ச்சலில் விரலை எடுக்க மறந்திருக்கிறாள்.
கொஞ்சம் காத்திருந்தேன்.
பச்சை வரவில்லை.
இரண்டு ஆறை மட்டும் அழித்தேன்.